அச்சம் பதியும் நேரம்

ஆய்வகப் பெட்டி ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில் விளக்கு எரிகிறது, மற்றது இருட்டு. வெளிச்சத்தில் விடப்பட்ட எலி சில விநாடிகளில் இருட்டுக்குள் நுழைந்துவிடும், அது எலியின் சுபாவம். நுழைந்ததும் கதவு மூடிக்கொள்ள, தரைக் கம்பிகள் வழியே பாதத்தில் சுருக்கென்று மின்சாரம் பாய்கிறது. மறுநாள் அதே எலியை அதே வெளிச்சத்தில் விட்டால் வாசலில் தயங்கி நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்து, நேற்றைய பயம் எந்த அளவுக்குப் பதிந்திருக்கிறது என்று நொடிக்கணக்கில் சொல்லிவிடலாம்.

இந்தப் பெட்டியை வைத்துத்தான் 1975இல் பால் கோல்டும் வான் பஸ்கர்க்கும் ஓர் எளிய காரியம் செய்தார்கள். மறுநாள் பெரிதாக நினைவிருக்காத அளவுக்கு மெல்லிய அதிர்ச்சியை எலிக்குக் கொடுத்தார்கள். அது முடிந்த பிறகு அட்ரினலின் ஊசி போட்டார்கள். மறுநாள் அந்த எலிகள், பலத்த அதிர்ச்சி வாங்கியவைபோல வாசலிலேயே நின்றன. ஊசியைத் தாமதப்படுத்தினால் பலன் குறைந்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டபோது பலனே இல்லை. மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் பலன் கூடிக்கொண்டே போகவில்லை. மிதமான அளவு நினைவை உறுதியாக்கியது, மிகை அளவில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஊசி போடப்பட்ட நேரத்தைக் கவனிக்க வேண்டும். சம்பவத்துக்கு முன்பே மருந்து கொடுத்திருந்தால், எலிக்கு வலி கூடுதலாகத் தெரிந்திருக்கும், கவனம் கூர்மையாகியிருக்கும் என்றெல்லாம் வாதிடலாம். இங்கே எல்லாம் முடிந்த பிறகுதான் மருந்து உள்ளே போனது. எனவே அது தொட்டது அனுபவத்தை அல்ல, அனுபவம் நினைவாக இறுகும் வேலையை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜேம்ஸ் மெக்காஃப் வாழ்நாள் முழுவதும் வளர்த்தெடுத்த கருத்து இதுதான்: நினைவு ஒரு நொடியில் பதிந்துவிடுவதில்லை, பதிய நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில் உடல் சுரக்கும் ஹார்மோன்கள், எது நிலைக்க வேண்டும், எது உதிர வேண்டும் என்பதில் கை வைக்கின்றன.

இதில் ஒரு புதிர் இருந்தது. ரத்தத்தில் சுற்றும் பொருள்களை மூளைக்குள் எளிதில் விடாத ஒரு தடுப்பு இருக்கிறது. அட்ரினலின் அதைத் தாண்டிப் போவது மிக அரிது. அப்படியானால் தோலுக்கடியில் போட்ட ஊசி மூளையின் நினைவை எப்படி மாற்றியது? விடை வேகஸ் நரம்பில் கிடைத்தது. நெஞ்சிலும் வயிற்றிலும் நடப்பதை மூளைத் தண்டுக்குச் சேதி சொல்லும் நீண்ட நரம்பு அது. அட்ரினலின் அந்த நரம்பைத் தூண்டுகிறது. மூளைத் தண்டில் உள்ள சிறு செல்கூட்டம் விழித்துக்கொண்டு, மூளைக்குள்ளேயே அட்ரினலினின் உறவான நார்அட்ரினலினைப் பொழிகிறது. அது போய்ச் சேரும் முக்கியமான இடம் அமிக்டலா, பொட்டின் உள்பக்கத்தில் ஆழப் புதைந்திருக்கும், பாதாம் பருப்பு அளவுள்ள பகுதி. வலிப்பு நோய்க்காக வேகஸ் நரம்பில் மின்தூண்டி பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் 1999இல் இதை மனிதரிலும் சோதித்தார்கள். ஒரு பத்தியைப் படித்து முடித்தவுடன் அந்த நரம்பை மிதமாகத் தூண்டினால், படித்த சொற்களை அவர்கள் கூடுதலாக அடையாளம் கண்டார்கள். பயம் வந்தால் வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறோம். அந்தப் பிசைவும் படபடப்பும் நினைவை எழுதுவதில் பங்கெடுக்கின்றன.

எலிக்குச் சரி, மனிதருக்கும் அட்ரினலின் இப்படித்தான் வேலை செய்கிறதா? லாரி கேஹில், மெக்காஃப் குழுவினர் 1994இல் ஒரு படக்கதை சொன்னார்கள். தாயும் மகனும் மருத்துவமனையில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். வழியில் பையன் மீது கார் மோதுகிறது. அறுவை சிகிச்சை நடக்கிறது. இன்னொரு குழுவுக்குக் காட்டிய படங்கள் அதேதான், கதை மட்டும் வேறு: விபத்து இல்லை, வெறும் ஒத்திகை. கேட்டவர்களில் பாதிப் பேருக்குக் கதைக்கு முன்பே புரோப்ரனலால் மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. ரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கைநடுக்கத்துக்கும் நம்மூர் மருத்துவர்களும் எழுதித் தருவதுதான். அட்ரினலின் குடும்பம் வந்து அமரும் இடங்களை அது அடைத்துவிடுகிறது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு விபத்துப் பகுதி மற்றவற்றைவிட நன்றாக நினைவிருந்தது. சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் கூர்மை இல்லை. கதை சோகமானது என்று அவர்களும் சொன்னார்கள். மற்றவர்களைப் போலவேதான் உணர்ந்திருந்தார்கள். உணர்ச்சி வந்தது, அந்த உணர்ச்சி நினைவில் ஆணியடிக்கவில்லை.

இது கதையின் வேகமான பாதி. மெதுவான பாதியின் பெயர் கார்டிசோல். ஆபத்து தெரிந்ததும் மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு செய்தி அனுப்ப, பிட்யூட்டரி இன்னொரு செய்தி அனுப்ப, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் புறணி கார்டிசோலைச் சுரக்கிறது. அட்ரினலின் நொடிகளில் வேலையைத் தொடங்கிவிடும். கார்டிசோல் உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். எலியில் இதே வேலையைக் கார்டிகோஸ்டீரோன் செய்கிறது. அட்ரினலின் போலன்றி இந்த ஹார்மோன் மூளைத் தடுப்பைச் சுலபமாகக் கடந்துவிடும். 1968இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்யூவன், கதிரியக்க அடையாளமிட்ட கார்டிகோஸ்டீரோனை எலிக்குச் செலுத்திப் பார்த்தபோது, அது ஹிப்போகாம்பஸில், அதாவது இடத்தையும் நிகழ்ச்சியையும் நினைவில் வைக்கும் பகுதியில், போய்க் குவிந்திருந்தது. மன அழுத்தத்தை உடல் சுரப்பிகளின் விவகாரமாக மட்டும் பார்த்துவந்த காலம் அதோடு முடிந்தது என்று சொல்லலாம்.

பிறகு நெதர்லாந்தின் ரான் டி க்ளூட் குழுவினர், இந்த ஹார்மோனைப் பிடிக்க மூளையில் இரண்டு வகை ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். ஒருவகை ஹார்மோனை ஏறத்தாழ பத்து மடங்கு இறுக்கமாகப் பற்றும். சாதாரண நாளில் ஓடும் சிறிய அளவே அதை நிரப்பிவிடும். இரண்டாம் வகை, அழுத்தத்தில் அளவு எகிறும்போதுதான் நிரம்பும். ஒரே ஹார்மோன் குறைந்த அளவில் ஒன்றைச் செய்து, கூடிய அளவில் வேறொன்றைச் செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பென்னோ ரூசெண்டால் இதனோடு இன்னொரு முடிச்சைச் சேர்த்தார்: அமிக்டலாவில் நார்அட்ரினலினைத் தடுத்துவிட்டால் கார்டிகோஸ்டீரோன் தனியாக நினைவை வலுப்படுத்துவதில்லை. உணர்ச்சிக் கிளர்ச்சி இருக்கும்போது மட்டுமே அது உதவுகிறது. நார்அட்ரினலின் நிகழ்ச்சிக்கு அடிக்கோடிடுகிறது, கார்டிகோஸ்டீரோன் அந்தக் கோட்டை அழியாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் இதே கார்டிசோல், ஏற்கெனவே பதிந்ததை நினைவுக்குக் கொண்டுவரும்போது எதிரியாகிறது. டொமினிக் டி கெர்வேன் 1998இல் வெளியிட்ட சோதனையில், எலிகள் கலங்கிய நீருக்கு அடியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்றிருந்தன. சோதனைக்கு அரை மணி நேரத்துக்கு முன் அதிர்ச்சி கொடுத்தால், தெரிந்த இடத்தையே தேடித் தடுமாறின. சோதனைக்கு இரண்டு நிமிடம் முன்போ, நான்கு மணி நேரம் முன்போ கொடுத்த அதிர்ச்சி அப்படிச் செய்யவில்லை. ஹார்மோன் உச்சம் தொடும் நேரமும் மறதியின் நேரமும் பொருந்தி வந்தன. தேர்வறையில் படித்தது மறந்துபோகிறது. மறந்து நின்ற அவமானம் மட்டும் நாற்பது வயதிலும் மறப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே ஹார்மோன் காரணமாக இருக்கலாம் என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த முரண்.

அச்ச நினைவு ஒற்றைப் பொருளும் அல்ல. 1995இல் ஆன்டன் பெச்சாராவும் கூட்டாளிகளும் மூளைச் சேதமுற்ற நோயாளிகளுக்கு ஒரு நிறத்தையும் திடுக்கிட வைக்கும் ஒலியையும் சேர்த்துப் பழக்கினார்கள். அமிக்டலா சேதமானவருக்கு, எந்த நிறத்துக்குப் பின் ஒலி வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தது. அந்த நிறத்தைக் கண்டு அவர் கை வியர்க்கவில்லை. ஹிப்போகாம்பஸ் சேதமானவருக்குக் கை வியர்த்தது; காரணம் சொல்லத் தெரியவில்லை. நல்ல நிலையில் இருக்கும் மூளையில் இவை இரண்டும் இணைந்து, எதற்குப் பயப்பட வேண்டும், எங்கே பயப்பட வேண்டும் என்பதைச் சேர்த்தே வைத்திருக்கின்றன. அந்த இணைப்பைக் கார்டிசோல் குலைக்க முடியும் என்பதை 2012இல் ஃபிரான்சின் போர்டோ ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். பலத்த அதிர்ச்சியோடு ஹிப்போகாம்பஸில் கார்டிகோஸ்டீரோனையும் மிகையாகச் செலுத்தியபோது, அந்த எலிகள் அதிர்ச்சி கிடைத்த இடத்துக்குப் பயப்படவில்லை. ஆபத்தோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஒலிக்குப் பயந்தன. பயம் குறையவில்லை, முகவரி மாறிவிட்டது. தீபாவளிப் பட்டாசுக்குப் பதுங்கும் முன்னாள் ராணுவ வீரரின் மூளையில் நடப்பதும் இதற்கு நெருக்கமான ஒன்றாக இருக்கலாம்.

இந்த ஆய்வுகளில் மிக அழுத்தமான சில பெங்களூரில் நடந்தவை. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி, அஜய் வியாஸ் குழுவும் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் பி.எஸ். சங்கரநாராயண ராவும் 2002இல் வெளியிட்ட கட்டுரை ஒரு பழைய எண்ணத்தைத் திருப்பிப் போட்டது. எலிகளை அசைய முடியாதபடி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், தொடர்ந்து பத்து நாள் கட்டி வைத்தார்கள். நீடித்த அழுத்தம் நரம்புச் செல்களைச் சுருக்கும் என்பது தெரிந்ததுதான். ஹிப்போகாம்பஸில் அப்படியே கிளைகள் சுருங்கியிருந்தன. அமிக்டலாவிலோ கிளைகள் நீண்டு செழித்திருந்தன. ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன், ஒரே எலி. நினைவைப் பதமாக வைக்கும் பகுதி மெலிகிறது, பயத்தின் பகுதி தழைக்கிறது. அதன் பின் எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டுப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது. அமிக்டலா வளர்ந்தபடியே இருந்தது; எலிகளின் பதற்றமும் குறையவில்லை.

அடுத்து ரூப்ஷி மித்ரா முதல் ஆசிரியராக 2005இல் வந்த கட்டுரை இன்னும் விசித்திரமானது. இம்முறை அழுத்தம் ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம். மறுநாள் பார்த்தால் ஒன்றுமில்லை. எலி வழக்கம்போல நடந்துகொண்டது, அமிக்டலாவின் செல்களிலும் மாற்றம் இல்லை. பத்தாம் நாள் பார்த்தபோது நிலைமை வேறு. தரையிலிருந்து உயரத்தில் கூட்டல் குறி வடிவில் அமைந்த ஒரு மேடை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. எலி சுவர்களுக்குள்ளேயே ஒடுங்கியது. செல்களின் கிளைகளில், இன்னொரு செல்லின் செய்தியை வாங்கும் நுண்முளைகள் அமிக்டலாவில் பெருகியிருந்தன. பத்து நாள் யாரும் எதுவும் செய்யவில்லை. விபத்தில் தப்பியவர் மறுநாள் சிரித்துப் பேசி, இரண்டு வாரம் கழித்து உறக்கம் கெட்டு எழுவதைக் குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. ‘அப்பவே ஒண்ணும் ஆகலியே, இப்ப என்ன?’ என்ற கேள்விக்குச் செல்களின் மட்டத்தில் இப்படியொரு பதில் இருக்கிறது.

இத்தனையும் படித்தால் கார்டிசோலை வில்லனாக்கத் தோன்றும். அப்படித்தான் சந்தையும் பேசுகிறது. கார்டிசோலைக் குறைக்கும் பானம், மாத்திரை, மூலிகைப் பொடி என்று விளம்பரங்கள் நிறைய. ஆனால் 2012இல் அதே பெங்களூர் ஆய்வகம், புரூஸ் மெக்யூவனோடு சேர்ந்து, எதிர்பாராத ஒன்றைச் சொன்னது. அழுத்தத்துக்கு முன்பே எலியின் கார்டிகோஸ்டீரோன் அளவை உயர்த்தி வைத்தால், பத்தாம் நாள் வர வேண்டிய பதற்றமும் வரவில்லை, நுண்முளைகளும் பெருகவில்லை. இதற்கு எதிர்த்திசையிலும் சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்டில் மித்ராவும் ராபர்ட் சபோல்ஸ்கியும் 2008இல், அழுத்தமே கொடுக்காமல் ஹார்மோனை மட்டும் ஒரு தடவை பெரிய அளவில் செலுத்தியபோது, சில நாள் கழித்து அமிக்டலாவின் கிளைகள் வளர்ந்திருந்தன. தனியாக வந்தால் தூண்டுகிறது. அதிர்ச்சி வரும் வேளையில் முன்கூட்டியே இருந்தால் காக்கிறது. இதை நல்லது கெட்டது என்ற கட்டத்துக்குள் அடைக்க முடியாது.

மனிதரிலும் இதே சிக்கல். பிடிஎஸ்டி எனப்படும், அதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்தக் கோளாறு உள்ளவர்களுக்குக் கார்டிசோல் கூடுதலாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். 1986இல் ஜான் மேசன் குழுவினர், வியட்நாம் போரிலிருந்து திரும்பி மருத்துவமனையில் இருந்தவர்களின் சிறுநீரில் அது குறைவாக இருந்ததைக் கண்டார்கள். ரேச்சல் யெஹூடா அதைப் பல வகையில் தொடர்ந்தார். முடிவு எல்லா ஆய்விலும் ஒன்றுபோல வரவில்லை. ஆனாலும் கேள்வி ஆழமானது. கார்டிசோலின் வேலைகளில் ஒன்று, அட்ரினலின் எழுப்பிய கொந்தளிப்பை அடக்குவது. அந்த அடக்கும் கை வலுவில்லாமல் இருந்தால், அட்ரினலின் நெடுநேரம் எழுதிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியின் மியூனிக்கில் குஸ்டாவ் ஷெல்லிங் குழுவினர், ரத்தத் தொற்றால் உயிருக்குப் போராடி, சிகிச்சையின் பகுதியாக ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்றவர்களிடம் பிற்காலத்தில் பிடிஎஸ்டி அறிகுறிகள் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். இஸ்ரேலில் ஜோசஃப் ஸோஹர் குழுவினர், விபத்து நடந்து சில மணி நேரத்துக்குள் அதே மருந்தைக் கொடுத்து, நம்பிக்கையூட்டும் முடிவை 2011இல் வெளியிட்டார்கள். இரண்டுமே சிறு ஆய்வுகள். இவற்றை வைத்து எந்த மருத்துவமனையும் நடைமுறையை மாற்றிவிடக் கூடாது.

ஹார்மோன் எந்த மண்ணில் விழுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். 2004 சுனாமிக்குப் பின், மூன்று நான்கு வாரங்களுக்குள் ஃபிராங்க் நோய்னர் குழுவினர் இலங்கைக் கடலோரத்தில் வடக்கே மணல்காடு, தெற்கே காலி, கொஸ்கொட ஆகிய இடங்களின் குழந்தைகளிடம் பேசினார்கள். இடத்துக்கு இடம் 14 முதல் 39 விழுக்காடு வரை குழந்தைகளுக்குச் சுனாமி தொடர்பான பிடிஎஸ்டி இருந்தது. அலையின் கொடுமையும் இழந்த உறவுகளும் மட்டும் இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. அதற்கு முன் அந்தக் குழந்தைகள் பட்ட போர் போன்ற அதிர்ச்சிகளும் சேர்ந்தே விளக்கின. அவர்களின் ரத்தத்தில் யாரும் கார்டிசோலை அளக்கவில்லை. எலியிலிருந்து அவர்களுக்கு நேர்க்கோடு போடுவதும் சரியல்ல. போர் பார்த்த பிள்ளையின் அமிக்டலா அலை பார்க்கும் முன்பே ஒரு வரலாற்றைச் சுமந்திருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

குழந்தைப் பருவம் பற்றிப் பேசும்போது, எலிக்குட்டிகளை ஆராய்ந்த ரெஜினா சல்லிவனை விட்டுவிட முடியாது. பிறந்து ஒன்பது நாள்வரை உள்ள எலிக்குட்டிக்குப் புதினா போன்ற ஒரு மணத்தோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துக் கொடுத்தால், அது அந்த மணத்தை வெறுப்பதில்லை. மாறாக அதை நோக்கி நகர்கிறது. வலி தெரியாமல் இல்லை, கத்துகிறது, துடிக்கிறது. பயம் மட்டும் பதிவதில்லை. அந்த வயதுக் குட்டியின் ரத்தத்தில் கார்டிகோஸ்டீரோன் மிகக் குறைவு. அழுத்தம் வந்தாலும் ஏறுவதில்லை. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால், அதே சிறு குட்டி பயப்படக் கற்றுக்கொள்கிறது. கண் திறக்காத, காது கேட்காத குட்டிக்குத் தாயின் மணம்தான் பிழைப்பு. தாய் மிதித்தாலும் கடித்தாலும் அவளிடமே போயாக வேண்டிய உயிருக்கு, தாயிடம் பயப்படக் கற்பது சாவுக்குச் சமம். இயற்கை அந்த ஏட்டையே மூடி வைத்திருக்கிறது.

பத்து நாள் ஆனதும் ஏடு திறக்கிறது. குட்டி மணத்தை விலக்கத் தொடங்குகிறது. இங்கேதான் 2006இல் மோரிசோவும் சல்லிவனும் கண்டது வருகிறது. பன்னிரண்டு, பதினைந்து நாள் ஆன குட்டிக்கு அதே பாடத்தைத் தாய் அருகில் இருக்கும்போது நடத்தினால், குட்டியின் கார்டிகோஸ்டீரோன் ஏறுவதில்லை, அமிக்டலா அடங்கியிருக்கிறது, அது மீண்டும் மணத்தை நோக்கியே போகிறது. தாயின் அருகாமை ஒரு ஹார்மோனைப் பிடித்து நிறுத்தி, பயத்தின் பாடத்தையே மாற்றிவிடுகிறது. 2019இல் நிம் டாட்டன்ஹாமும் சல்லிவனும் பள்ளிக்குப் போகும் வயது வராத மனிதக் குழந்தைகளிடம் மோசமான ஓர் ஒலியை ஒரு வடிவத்தோடு சேர்த்துப் பழக்கினார்கள். பெற்றோர் உடன் இருந்தபோது கற்ற குழந்தைகள், பின்னர் அந்த வடிவத்தை விலக்காமல் நாடின. இதில் ஆறுதலும் உண்டு, அச்சமும் உண்டு: காக்கும் தாயின் அருகிலும் அடிக்கும் தாயின் அருகிலும் இதே இயந்திரம்தான் ஓடுகிறது.

சிகிச்சைக்கு இதிலிருந்து என்ன கிடைத்தது? கணிசமான ஏமாற்றமும் கொஞ்சம் வழியும். விபத்து முடிந்த உடனே புரோப்ரனலால் கொடுத்தால் பயம் பதியாது என்ற எண்ணம் நியாயமானதாகவே தெரிந்தது. பாஸ்டனில் ரோஜர் பிட்மன் 2002இல் அதைச் சிறு அளவில் தொடங்கி வைத்தார். பிறகு வந்த பெரிய சோதனையில் தெளிவான பலன் வரவில்லை. ஒரு காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. அடிபட்டவர் ஆம்புலன்ஸில் ஏறி, அவசரப் பிரிவுக்கு வந்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு மாத்திரையை விழுங்குவதற்குள் பதியும் நேரத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமின் மெரல் கிண்ட் வேறு வழி பிடித்தார். பழைய நினைவைக் கிளறும்போது அது சிறிது நேரம் மீண்டும் நெகிழ்ந்திருக்கும் என்று, கரீம் நாடெரும் ஜோசஃப் லெடூவும் 2000இல் எலியில் காட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில் புரோப்ரனலாலின் வேலை நடக்கட்டும் என்றார் கிண்ட். அவருடைய 2009 ஆய்வில் பயம் மங்கியது, நடந்தது மட்டும் தெளிவாக நினைவில் இருந்தது. அதன்பின் அவரது ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அதே முடிவு ஒவ்வொரு முறையும் கிடைக்கவில்லை.

ஆறுதலாக இருக்கட்டும் என்று அதிர்ச்சி அடைந்தவருக்கு உறக்க மாத்திரை கொடுக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. முதல் ஒரு மாதத்தில் பென்சோடயாசெபைன் வகை மாத்திரைகளை இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் சொல்லிவிட்டது. பயம் பதிவதைத் தடுக்கப் பார்க்காமல் எதிர்த்திசையில் போவதும் ஒரு வழி: பயம் குறைவதைக் கற்பதும் ஒரு கற்றல்தானே, அதற்குக் கார்டிசோலின் உதவியைப் பெறலாம். அது பழைய பயத்தின் நினைவை எழுப்ப விடாமல் தடுத்து, புதிய பாடத்தைப் பதியவும் செய்கிறது. 2011இல் டி கெர்வேன், உயரத்துக்கு அஞ்சும் 40 பேரை மெய்நிகர் கருவி மாட்டி உயரங்களைப் பார்க்க வைத்தார். ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு மணி நேரம் முன் 20 மில்லிகிராம் கார்டிசோல் பெற்றவர்களுக்கு, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிடப் பயம் அதிகமாகக் குறைந்தது, ஒரு மாதம் கழித்தும் குறைந்தே இருந்தது.

கார்டிசோல் காலையில் தானாகவே உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கிவிடும். இதை வைத்து 2014இல் ஜெர்மனியில் சிலந்திக்கு அஞ்சும் 60 பேருக்கு ஒரே சிகிச்சையை அளித்தார்கள். பாதிப் பேருக்குக் காலை எட்டு மணிக்கு, மீதிப் பேருக்கு மாலை ஆறு மணிக்கு. காலையில் வந்தவர்கள் மூன்று மாதம் கழித்துச் சிலந்தியைப் பார்த்தபோது குறைவாகவே பயந்தார்கள். மாத்திரை எதுவும் கொடுக்கப்படவில்லை, நேரம் மட்டும்தான் வேறு.